நாற்பதுக்குப் பூஜ்ஜியம்

“நாலு மாசமா இந்த ஒரு பீஸு ரிஜெக்ட் ஆயிக்கினே இருக்கு. லைன்ல நின்னுக்கினு இன்னா மேடம் பண்றீங்க?”

வசந்தகுமார் கேட்டது மாலை வகுப்பு ஆசிரியை சசிரேகாவை. அவர் விரல் நீட்டிய இடத்தில் உதிரிபாகம் எதுவும் இல்லை. இரட்டைச் சடையும் பட்டன் போன சீருடையுமாக நாலாம் வகுப்பு வேல்விழி நின்றுகொண்டிருந்தாள்.

வசந்தகுமார் ஒரகடத்தில் லாரி அச்சு செய்யும் கம்பெனி ஒன்றில் இருபது வருடம் தரப் பரிசோதனை பார்த்தவர். கம்பெனி அவரைச் சமூக நலப் பிரிவுக்கு மாற்றியபோது, அச்சுக்கும் பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்ற முடிவோடுதான் இந்தத் தொடக்கப்பள்ளிக்குள் நுழைந்தார்.

நுழைந்த கையோடு சுவரில் ஒரு பலகை மாட்டினார். மேலே தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல். பக்கவாட்டில் பிள்ளைகளின் பெயர்கள். வெள்ளிதோறும் தொடுதிரை டேப்பில் பாடத்துக்குப் பத்தாக நாற்பது கேள்வி. கேள்விக்கு நாலு விடை இருக்கும், சரியானதைத் தொட வேண்டும்.

தேறினால் பெயருக்கு நேரே பச்சை அட்டை, நாலு மணிக்கு வீடு. தேறாவிட்டால் சிவப்பு அட்டை, ஆறு மணி வரை சசிரேகாவிடம் மாலை வகுப்பு, நடுவில் ஒரு கிண்ணம் சுண்டல். இதற்கு அவர் வைத்த பெயர் ‘முழுமைக் கற்றல் தர உறுதித் திட்டம்’. அதை அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒன்றாம் வகுப்பில் இரண்டு பேர் தூங்கிவிடுவார்கள்.

மாலை வகுப்பைத் தொடர்வதா, மூடுவதா என்று இன்று முடிவாக வேண்டும். மூடும் ஆணை கையெழுத்துக்குத் தயாராக மேசைமேல் கிடந்தது.

“மத்த செவப்புங்ககூட பரவால்ல. இந்தப் பிரவீன் கண்ண மூடிக்கினு தொட்டான், பதினொண்ணு வந்துச்சு. இது இன்னாடான்னா...” ஃபைலைப் புரட்டினார். “தமிழ் பூஜ்ஜியம், இங்கிலீஷ் பூஜ்ஜியம், கணக்கு, அறிவியல் அல்லாம் பூஜ்ஜியம். பதினாறு வாரமும் நாப்பதுக்குப் பூஜ்ஜியம்! ஒரு மார்க்குகூட அசையல. என் சர்வீஸ்லயே இவ்ளோ கரெக்டா ஒரு பீஸு ஃபெயிலாயி நான் பாத்ததில்ல!”

பெயர் சொல்லப்பட்ட பெருமையில் பிரவீன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“சார், அவங்கம்மா வயரிங் லைன்ல வேல செய்றாங்க. திருநெல்வேலிப் பக்கம். வடக்குப்பட்டுல ஒரு ரூமு, ரெண்டே பேருதான்” என்றாள் சசிரேகா. “ஆனா சுண்டல் பங்கு வெக்கிறது இவதான் சார். பதிமூணு கிண்ணம், ஒரு கரண்டி கூடாது, கொறையாது.”

“அது நம்ம ஃபார்மட்ல கீதா?”

“இல்ல சார்.”

“அப்போ அது நடக்கல.”

பேனாவின் மூடியைக் கழற்றினார். “டேப் நாங்க தர்றோம். சுண்டல் நாங்க தர்றோம். ரிசல்ட்ட யாரு தர்றது? நாளையிலேர்ந்து மாலை வகுப்பு கட். செவப்போ பச்சையோ, அல்லாரும் நாலு மணிக்குக் கெளம்பிக்கினே இருக்கலாம்.”

வேல்விழி ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே சாலையைப் பார்த்தாள். பேனா காகிதத்தைத் தொட்டது.

“சார், இன்னொருக்கா நான் டெஸ்ட் எழுதட்டா?”

பதினாறு வாரத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“எழுதி?”

“நான் தேறிட்டா வகுப்ப மூட மாட்டியள்லா?”

வசந்தகுமார் சிரித்தார். “நீயா? நீ தேறிட்டா இன்னும் ஒரு வருசம் நடக்கட்டும். இந்தா புடி.”

டேப் அவள் கைக்கு வந்தது. விரல் எந்தக் கேள்வியிலும் நிற்கவில்லை. ஆறே நிமிடத்தில் டேப் மணியடித்தது.

நாற்பதுக்கு நாற்பது.

வசந்தகுமார் டேப்பைத் தட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு முகத்தில் வெற்றிக்களை ஏற, போனை எடுத்துத் தலைமை அலுவலகத்துக்குக் குரல் பதிவு அனுப்பத் தொடங்கினார். “சார், வணக்கம். நமது திட்டத்தின் விளைவாக, ஒரே அமர்வில், பூஜ்ஜியத்திலிருந்து நூறு சதவீதம்...”

சசிரேகா மெதுவாக ஃபைலைத் தன் பக்கம் இழுத்தாள். “சார், தெரியாதவங்க குருட்டாம்போக்குல தொட்டாக்கூட பத்து ரைட்டு வருது. நாப்பதும் தப்பாத் தொடணும்னா, நாப்பதுக்கும் ரைட்டு எதுன்னு தெரிஞ்சிருக்கணுமே சார்...”

அவருக்கு அது கேட்கவில்லை. ஆணையை நாலாகக் கிழித்துப் போட்டார். “மாலை வகுப்பு தொடரும்!” என்று அறிவித்துவிட்டு, பளபளக்கும் பச்சை அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பலகையை நோக்கி நடந்தார்.

வேல்விழி அவரை முந்திக்கொண்டு ஓடி, தன் பெயரை முதுகால் மறைத்து நின்றாள்.

“அட்டைய மட்டும் மாத்தாதிய சார்... பச்சைன்னா நாலு மணிக்கே போவச் சொல்லிருவியள்லா, எங்க அம்மை வார கம்பெனி பஸ்ஸு ஆறு மணிக்குல்லா வரும்.”