ஆஃபர் பைத்தியம்

"இன்னாத்துக்கு நாஸியா இத்தினி சோப்பு? கடை வெக்கப் போறியா?"

"மூணு வாங்கினா ஒண்ணு சும்மா தரான். வேணாம்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

உபைத் பாதியை எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தான். அவன் மனைவி அதை மறுபடி எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டாள். தி.நகர் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தது.

தள்ளுபடி என்று ஒரு அட்டை தொங்கினால் போதும், நாஸியாவின் கால் தானாக நின்றுவிடும். ராயப்பேட்டை வீட்டுப் பரணில் இதற்கு மேல் ஒரு தீப்பெட்டி வைக்கக்கூட இடமில்லை. 'இன்னிக்கு ஆஃபர் பக்கம் திரும்பவே கூடாது' என்று சொல்லித்தான் கூட்டிவந்திருந்தான்.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். இன்று அவள் எடுத்துப் போட்ட ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அவன் துபாய்க்குப் போகிறான். இரண்டு வருஷ வேலை. அவன் வேலை பார்க்கும் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும், இவளுக்கு மட்டும் சொல்லவில்லை. முன்பு ஒரு தடவை பேச்செடுத்ததற்கே சாப்பிடாமல் சுருண்டு படுத்தவள். இத்தனையையும் வாங்கிக்கொண்டு போய்த் தனியாக என்ன செய்வாள், பாவம். பில் போடுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"நாஸியா, ஒரு விசயம்..."

"இருங்க. பனியன் பாதி வெலைக்குப் போட்டுகீறான்." கை நிறைய அள்ளினாள்.

"வீட்டுல கீதும்மா."

"அதெல்லாம் ஓட்டை. நாலு பேரு முன்னாடி அதைப் போட்டுக்கினு நிப்பீங்களா?"

பற்பசை, சவர பிளேடு என்று வண்டி நிறைந்தது. எலுமிச்சை ஊறுகாயில் கண்ணாடி பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டு, பிளாஸ்டிக் டப்பாக்களாகப் பொறுக்கினாள்.

அடுத்த வரிசையில் சலவைத்தூள். ஒரு மூட்டைக்கு இன்னொன்று இலவசம். இதைப் பார்த்தால் அவள் விடவே மாட்டாள். உபைத் வண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நாஸியா நின்றாள். அட்டையைப் படித்தாள். கை நீண்டது. என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

"வேணாமா?" அவனால் நம்ப முடியவில்லை.

"கனம். வேணாம்."

அப்பாடா, ஒருவழியாக அடங்கிவிட்டாள். இப்போது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தான். அதற்குள் பில் போடும் இடம் வந்துவிட்டது.

"பை வேணுமாக்கா?" என்றாள் பில் போடும் பெண்.

"பை வேணாம்மா. கெட்டியா ஒரு அட்டைப்பெட்டி இருந்தா குடு."

"பெட்டி எதுக்கு?" என்றான் உபைத்.

நாஸியா அவன் முகத்தைப் பார்க்காமல் ஊறுகாய் மூடியை ஒருமுறை இறுக்கினாள்.

"பீரோவுல உங்க பாஸ்போர்ட்டக் காணோம்னு போன வாரமே பாத்துட்டேன். ப்ளேன்ல முப்பது கிலோதானே வுடுவான்?"