பெற்றவளைக் கொண்டுபோய் விட்டவன்

“உங்களுக்காக முடிவெடுக்க யார் பேரை எழுதப் போறீங்க?” என்று வக்கீல் கேட்டதும், கிளமான் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்.

“எங்க அக்கா மகன், ஃப்ரெடெரிக்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி புஷ்பமேரிக்குப் பகீரென்றது.

கிளமான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், ஊர்ப்பேச்சில் சொல்தா; பிரெஞ்சுக் குடியுரிமையும் உண்டு. கொஞ்ச நாளாக மறதி. போன வாரம் மீன் வாங்கத் தேங்காய்த்திட்டுக்குப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றாராம். யாரோ புண்ணியவான் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். நரம்பு டாக்டரோ, இது போகப் போகக் கூடத்தான் செய்யும், எழுத வேண்டியதை இப்பவே எழுதி வச்சுடுங்க என்று கையை விரித்துவிட்டார்.

பிரெஞ்சுச் சட்டத்தில் அந்த 2009-ல்தான் அதற்கு ஒரு வழி வந்திருந்தது. புத்தி தெளிவாக இருக்கும்போதே, நாளைக்கு அது தவறிப்போனால் நம்மை யார் பார்ப்பது, எங்கே வைத்துப் பார்ப்பது என்று எழுதி வைத்துவிடலாம்.

நல்லதுதான். ஆனால் பிள்ளை குட்டி இல்லாத வீட்டில், கட்டின பெண்டாட்டி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருத்தன் பேரைச் சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்?

அதுவும் எப்பேர்ப்பட்டவன்! பெற்ற தாய்க்குப் புத்தி பேதலித்ததும், கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்தவன். அந்த அம்மாள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ, அவன் திரும்பியே பார்க்கவில்லையாம். கல்லறைத் திருநாளில்கூட சொந்தக்காரர்கள் யாரும் அவனுக்கு முகம் கொடுப்பதில்லை. முதலில் பேச்சை நிறுத்தினவளே புஷ்பமேரிதான்.

அவன் கையில் இவரை ஒப்படைத்தால் என்ன ஆகும்? அதே இல்லம்தான், அதே கட்டில்தான். பயந்துபோய் “புஷ்பா” என்று கூப்பிட்டால் ஏனென்று கேட்க நாதியிருக்காது.

இவர் சுயபுத்தியோடுதான் சொல்கிறாரா என்று வக்கீலிடம் கேட்டே விட்டாள். வக்கீல் வீட்டு விலாசம், பென்ஷன், டாக்டர் பேர் என்று என்னென்னவோ விசாரித்தார். கிளமான் எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னார். ஃப்ரெடெரிக்கிடம் ஏற்கெனவே பேசிச் சம்மதம் வாங்கியாகிவிட்டது என்றும் சொன்னார். இன்றைக்கு ரொம்பத் தெளிவாக இருக்கிறார், தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

படி இறங்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“எம்மேல அவ்ளோதான் நம்பிக்கையா?”

அவர் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டே இருந்தார்.

“என்னை யாருன்னே தெரியாம போனாலும் பரவால்லீங்க. நீங்க அடிச்சாலும் உதைச்சாலும் வீட்லயே வச்சுப் பாத்துக்குவேன். எந்த எடத்துக்கும் அனுப்ப மாட்டேன். இது சத்தியம்.”

“தெரியும். அதான் பயமாயிருக்கு.”

கிளமான் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எங்கப்பாவுக்கும் கடைசியில இதேதான். எங்கம்மா வழுக்கி விழுந்து செத்தாங்கன்னுதான உனக்குச் சொல்லியிருக்கோம்?”

அவள் தலையாட்டினாள். கல்யாணமாகி வந்த நாளாக அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறாள்.

“அவங்க விழல. யாரோ திருடன் உள்ள பூந்துட்டான்னு நெனச்சு, அப்பா கட்டையால அடிச்சுட்டாரு. அவரை எங்கயும் அனுப்ப மாட்டேன்னு அம்மாவும் உன்ன மாதிரியேதான் சத்தியம் பண்ணாங்க.”

புஷ்பமேரி அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள்.

“அப்பாவைக் கொண்டுபோய் விட ஃப்ரெடெரிக் மாதிரி ஒருத்தன் அன்னிக்கு எங்க வீட்ல இல்லாம போயிட்டான், புஷ்பா.”