எரிமலைக்கு வந்த சோதனை

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதை மனிதகுலம் ஒருவழியாகச் சாதித்தேவிட்டது. போக்குவரத்துக் காவலர்களுக்குப் புதுக் கண்ணாடி கொடுத்தாயிற்று. அதை மாட்டிக்கொண்டால், வண்டி ஓட்டுகிறவரின் முகம் வெறும் புகைமூட்டம். நடிகரும் தெரியாது, நாட்டாமையும் தெரியாது. காது மட்டும் பழைய காதுதான்.

அதில்தான் ஏட்டு ஜெசிந்தா வழுக்கினார். பட்டப்பகலில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஊதச் சொன்னதும் ஒரு புகைமூட்டம் கர்ஜித்தது: "நான் வந்தா வழி தானா திறக்கும்!"

எரிமலை ஸ்டார் மகிபாலனின் வசனம்! அதே குரல்! ஜெசிந்தாவுக்குப் புல்லரித்தது. போதை கண்டறியும் கருவி கத்தக் கத்த, சல்யூட் அடித்து அனுப்பிவைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த கார். கருவி மறுபடியும் கத்தியது.

"யம்மா, நான் மகிபாலன்மா. லைசென்ஸ் போச்சுன்னா, 'குடிச்சிட்டு ஓட்டாதீங்க' விளம்பரமும் கையை விட்டுப் போயிரும்மா."

"அவரு இப்பத்தான் சார் போனாரு. நீங்க எத்தனாவது மகிபாலன்?" என்றாலும் ஜெசிந்தாவுக்கு ஆவல் அடங்கவில்லை. "எங்க, அந்த வசனத்தைச் சொல்லுங்க பாப்போம்."

சொன்னார். கதவிடுக்கில் பூனை மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

"ஐயோ, போதும் சார். கேஸ் எழுதிடறேன்."

லைசென்ஸைப் பறித்த பிறகு கண்ணாடியைக் கழற்றலாம் என்பது விதி. ஜெசிந்தா கழற்றினார். எதிரே நின்றது மகிபாலனேதான்.

முதலில் போனவர், எல்லாப் படங்களிலும் மகிபாலனுக்கு டப்பிங் பேசுகிறவர்.