ஓநாய் எனக்கு

"ஓநாய் எனக்கு!"

வாயாடியின் விரல் பொத்தானைத் தொடுவதற்குள் கிரேன்காரி முந்திக்கொண்டாள். டிவித் திரையில் நீல ஓநாய் ஒன்று உறுமியபடி வந்து அவள் பக்கம் நின்றது. எதிர்ச்சுவர் மேசையில், முதுகைக் காட்டியபடி லேப்டாப்பின் முன் அமர்ந்திருந்த வாயாடியின் திரையில் அதே ஓநாய் மங்கி மறைந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிரேன்காரி என்பது, தம்பியின் இரண்டாம் மனைவிக்கு அவர் மனத்துக்குள் வைத்திருந்த பெயர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். வாயாடி, தம்பியின் மூத்த தாரத்து மகள், பன்னிரண்டு வயது. ஒரு காலத்தில் ஓயாமல் பேசி வாங்கிய பெயர் அது. தாய் இறந்தபின் பாதியாய்க் குறைந்த பேச்சு, சித்தி வந்தபின் அடியோடு நின்றுபோனது. கேட்டதற்குத் தலையாட்டுவதோடு சரி.

அதனால்தான் அத்தை காலிப் பெட்டியோடு வந்திருந்தார். பிள்ளையைக் கையோடு தம் வீட்டுக்கு அழைத்துப்போய்விடுவது என்பது முடிவு. காலமெல்லாம் மாணவியர் விடுதியில் காப்பாளராக இருந்தவர். எடுத்த முடிவை மாற்றி அவருக்குப் பழக்கமில்லை.

"என்னடா கூத்து இது?" என்றார் தம்பியிடம்.

"புது கேம்க்கா. ரெண்டு பேர் சேர்ந்து ஆடணும். தொடங்கும்போதே ஆளுக்கொரு துணை ஆவியை எடுத்துக்கணும். ஓநாய் சண்டை போடும். ஆமை கேடயமா நிக்கும். மான் கூட வர்றவங்க காயத்தை ஆத்தும். எடுத்தா எடுத்ததுதான், கடைசிவரைக்கும் மாத்த முடியாது."

"பிள்ளை ஆசைப்பட்டதை அவ பிடுங்கிக்கிறா, நீ பாத்துக்கிட்டு உக்காந்திருக்க!"

தம்பி ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரிப்பதில் மும்முரமானான்.

அத்தை நேராகவே கேட்டுவிட்டார். "ஏம்மா, சின்னப் பிள்ளைகூடச் சரிக்குச் சரி நிக்கிறியே! விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவ?"

"முடியாது அண்ணி. ஓநாய் இல்லாம நான் ஆடமாட்டேன்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "ஆமை சும்மா நிக்கும், போரடிக்கும். மான்தான் மிச்சம்."

வாயாடி உதட்டைக் கடித்துக்கொண்டு மானை அழுத்தினாள்.

பெற்றவளாக இருந்தால் இப்படிச் செய்வாளா? அத்தை விடுவிடென்று உள்ளறைக்குப் போய் அலமாரியைத் திறந்து, பிள்ளையின் துணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

"ஐயையோ, குழிக்குள்ள விழுந்துட்டேன்!" என்று கூடத்தில் கிரேன்காரி அலறினாள்.

பிறகு சத்தமே இல்லை. வெகுநேரம்.

"இப்போ."

அத்தையின் கை துணியோடு நின்றது. அது வாயாடியின் குரல்.

பழத்தட்டோடு வந்த தம்பி தாழ்ந்த குரலில் சொன்னான். "விழுந்தவங்க திரை இருட்டாயிடும்க்கா. மான் வந்து தொடுற நொடியில பொத்தானை அழுத்தணும், ஆனா அது எப்போ தொடுதுன்னு அவங்களுக்குத் தெரியாது. மான் வெச்சிருக்கவங்க வாயைத் திறந்து சொன்னாத்தான் எழுந்திருக்க முடியும்."

 அத்தை துணி மடிப்பது மெதுவானது.

"ஐயோ, திரும்பவும்!"

"இப்போ. அந்தப் பக்கம் போகாதீங்க, குழி இருக்கு."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்! இடது! அட, அதே குழியிலயா? கண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கு?"

"கை வரமாட்டேங்குதே, நான் என்ன பண்ண!"

"இப்படி ஆடுறவங்களுக்கு ஓநாய் ஒரு கேடா?"

பிள்ளை சிரிப்பது கேட்டது. அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இவள் அதற்கும் ஒரு படி மேல். பிடுங்கியதுதான் பிடுங்கினாள், அதையாவது ஒழுங்காக ஆடுகிறாளா? ஒரு நாள் விளையாட்டை நம்பிப் பிள்ளையை இங்கே விட்டுப்போக முடியுமா? பெட்டியை மூடினார்.

தண்ணீர் குடிக்க எழுந்துவந்த வாயாடி, உள்ளறையில் பெட்டியைப் பார்த்ததும் நின்றாள்.

"கிளம்பு கண்ணு, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

வாயாடி உள்ளே வந்து பெட்டியைத் திறந்தாள். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள்.

"நான் வரல அத்தை. நான் வந்துட்டா சித்தியை யாரு எழுப்புறது?"

சித்தி. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அத்தை கேட்டதே இல்லை.

"அடிப் பைத்தியமே, ஆடவே தெரியாதவகூட எத்தனை நாளைக்குடி மல்லுக்கட்டுவ?"

வாயாடி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அருகில் வந்து கிசுகிசுத்தாள்.

"அத்தை, அவங்க தினமும் கிரேன்ல ரெண்டு கையாலயும் கேம்ல பிடிக்கிற மாதிரியே ரெண்டு கைப்பிடியைப் பிடிச்சுத்தான் வேலை பாக்குறாங்க. வீடு உசரப் பெட்டியை அந்தரத்துல கொண்டுபோய்க் கப்பல்ல இறக்குவாங்க. ஒரு விரற்கடை பிசகாது. அவங்களுக்கா இந்தச் சின்னக் குழி தெரியாது?"

அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஓநாயை மட்டும் விட்டுக்கொடுத்திருந்தால், பிள்ளை ஒரு சொல்கூடப் பேசாமல் ஆட்டத்தை முடித்திருப்பாள்.

"வாயாடி! மறுபடியும் விழுந்துட்டேன், ஓடிவா!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"வர்றேன் சித்தி!"

ஓடியவள் வாசற்படியில் திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள்.

"எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதீங்க அத்தை. அப்புறம் விழமாட்டாங்க."