தோளில் இரண்டு தட்டு

விசாரணை அதிகாரி படிவத்தை சூப்பர்வைசர் பக்கம் திருப்பி வைத்தார்.

"புது ஏற்பாட்டுல தொழிலாளிகளுக்குக் கவலை ஏதும் உண்டான்னு கேட்டிருக்கு. யாரும் வாய் திறக்கவில்லைன்னு எழுதியிருக்கீங்க. உங்க கையெழுத்துதானே?"

அவர் கையெழுத்துதான். எழுதியதும் பொய்யில்லை.

மெஷினுக்கு இரண்டு பேர் என்பதை ஒருவராகக் குறைப்பதுதான் ஏற்பாடு. உற்பத்தி நிற்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஆகவே மெஷின்கள் ஓட ஓட, ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கேட்டார்.

அந்த இரைச்சலில் வாயால் பேசி யாருக்கும் பழக்கமில்லை. எல்லாம் கைதான். மீசையை முறுக்கினால் மேனேஜர் வருகிறார். வயிற்றைத் தடவினால் மணி அடிக்கப் போகிறது. தோளை இரண்டு முறை தட்டினால், தனியாக முடியாது, கொஞ்சம் வா.

முன்வரிசையில் ஒருவன் மீசையை முறுக்கினான். சிரித்தார்கள்.

கடைசி மெஷினில் மாப்பிள்ளை, தங்கையின் கணவர், தோளைத் தட்டினார். இரண்டு முறை. இவர் கவனிக்கவில்லை போல என்று மறுபடியும் தட்டினார்.

சூப்பர்வைசர் குனிந்து எழுத ஆரம்பித்தார். பதவி கிடைத்துப் பதினோரு நாள். நம் மாப்பிள்ளைதானே, வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

பேசவில்லை. மூன்றாவது வாரம் மாப்பிள்ளையின் சட்டைக் கை உருளையில் சிக்கியது. மெஷினை நிறுத்தும் பொத்தானை அமுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. மாப்பிள்ளை பிழைக்கவில்லை.

இப்போது தங்கை அடுத்த நாற்காலியில் இருந்தாள்.

"அண்ணா, அவர் உன்கிட்டகூட ஒண்ணும் சொல்லலையா?"

சூப்பர்வைசரின் கை தானாக எழுந்தது. தோளில் இரண்டு முறை தட்டியது.

தூசி தட்டுகிறார் என்று அதிகாரி நினைத்திருக்க வேண்டும். 'பதில் இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

மெஷின் ஷெட்டுக்கு வெளியே இந்தக் கைப்பேச்சு யாருக்கும் தெரியாது. அந்த ஒரு கணம் சூப்பர்வைசருக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் அவருக்குக் கூசுகிறது.

ஏனென்றால் தங்கை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போர்வையை மடிக்கும்போது மறுமுனையைப் பிடிக்க, அறையின் அந்தக் கோடியிலிருந்து மாப்பிள்ளை அவளைக் கூப்பிடுவது அப்படித்தான். வாயைத் திறந்து கூப்பிட்டால் என்னவாம் என்று இவரே அங்கே உட்கார்ந்து கேலி செய்திருக்கிறார்.

அடுப்பில் எது கொதித்தாலும், அதை அப்படியே விட்டுவிட்டு அவள் போவாள்.