ஏசிக்கு அடியில் ஒரு குளம்

செவந்தி என்ற தவளை பிறந்ததும் வளர்ந்ததும் ஒரு வீட்டுக் கொல்லையில், ஏசித் தண்ணீர் சொட்டுகிற சிமெண்ட் தொட்டியில்தான். இந்தக் கோடையில் முட்டையிட்டதும் அதிலேயே. தொட்டியில் ஒரு விரிசல் உண்டு. ஒழுகிப் போவதைச் சொட்டு ஈடுகட்டிவிடும் என்பதால் அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

ஒருநாள் சிலுசிலுவென்று காற்று வீசியது. வீட்டுக்காரர்கள் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். சொட்டு நின்றது. சாயங்காலத்துக்குள் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கி, தலைப்பிரட்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெளிந்தன.

"என் பிள்ளைகளுக்கு இன்னும் காலே முளைக்கலையே" என்று செவந்தி தவித்தாள்.

மதில்மேல் இருந்த ஓணான் தலையை ஆட்டியது. "கொஞ்சம் பொறு தாயி. மேகம் கறுத்துக் கிடக்கு, மழை வரும்."

"அதை யாரு அண்ணே கண்டா? எனக்குத் தெரிஞ்சது இந்த வீட்டுக்காரங்கதான். நம்ம கஷ்டத்தை நாமதானே வாய்விட்டுச் சொல்லணும்?"

ஜன்னலுக்கு அடியில் போய் உட்கார்ந்து, தொண்டை புடைக்கக் கத்தினாள். உள்ளே ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவளும் விடுவதாக இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தொட்டி நிரம்பியது. பிள்ளைகள் வாலை ஆட்டிக்கொண்டு குஷியாக நீந்தின.

தொப்பலாக நனைந்த ஓணான் சுவர் இடுக்கில் ஒண்டியபடி கேட்டது: "இப்பவாவது பார்த்தியா?"

"பார்த்தேன் அண்ணே, தங்கமான மனுஷங்க" என்று செவந்தி ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டாள். "வாய் திறந்து கேட்டதும், எவ்வளவு பெரிய ஏசியா வாங்கி மாட்டிட்டாங்க."