குச்சியிலிருந்து குச்சிக்கு

சுஷிக் கடையின் பெல்ட்டில் தட்டுகள் ஊர்ந்து வருகின்றன. சலவைக்கூடத்தில் காலை முறை முடித்து வந்த களைப்பில், யாசுயோவுக்கு எல்லாத் தட்டும் ஒன்றுபோலத் தெரிகிறது. எதிரே கணவர் மசானோரி. அவர் பக்கத்தில் அவருடைய தங்கை தொமிகோ. போனில் படம் எடுக்காமல் ஒரு தட்டையும் தொட விடமாட்டாள்.

"அண்ணா, கைய எடு! நிழல் விழுது."

"நீ எடுத்து முடிக்கறதுக்குள்ள மீனு கடலுக்கே திரும்பிடும்."

யாசுயோ சிரித்தபடி ஒரு விலாங்குத் துண்டைக் குச்சியால் எடுத்து நீட்டுகிறாள். அவர் தட்டை நகர்த்தச் சோம்பி, தன் குச்சியாலேயே அதைப் பிடித்துக்கொள்கிறார். அந்த நொடியில் தொமிகோ படம் எடுத்துவிடுகிறாள்.

"ஐயோ அண்ணி, குச்சிக்குக் குச்சியா! அது செத்தவங்கள எரிச்சுட்டு எலும்பு பொறுக்கறப்போ செய்யறதாச்சே."

"என்னை இன்னும் எரிக்கலையேம்மா," என்கிறார் அவர்.

அன்றிலிருந்து பதினெட்டாம் நாள், மாரடைப்பில் போன அவருடைய எலும்புகளைச் சாம்பலிலிருந்து யாசுயோ ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுகிறாள். தொமிகோ தன் குச்சியால் வாங்கிப் பானையில் இடுகிறாள். இருவரும் வெளியே வந்து பெஞ்சில் உட்காருகிறார்கள்.

"நான்தானே அன்னிக்கு நீட்டினேன்," என்கிறாள் யாசுயோ.

தொமிகோ போனை எடுத்துப் பார்த்து, மறுபடி பைக்குள் வைக்கிறாள்.

"அதைத் தின்னுட்டு அண்ணன் இன்னொரு தட்டு கேட்டாரே, அண்ணி."

யாசுயோ யோசிக்கிறாள். ஆமாம், கேட்டார்.